‘ஏன் செஞ்ச?’ என்று கேட்காமல் ‘எப்பயிருந்து?’ என்று கேட்டால்

வணக்கம் டீச்சர். உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறீர்கள். ஒரு வருடத்துக்குள் உங்கள் தோட்டத்தில் மூன்று பேர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றிருக்கிறார்கள். மூன்று பேரும் பிழைத்துவிட்டார்கள். ஓர் அம்மாவுக்கு ‘புருஷனோட சண்டை’, ஒரு பெரியவருக்கு ‘குடி’, உங்கள் சாதாரண தர (ஓ.எல்.) வகுப்புப் பிள்ளைக்கு ‘காதல் விஷயம்’ என்று தோட்டமே காரணம் சொல்லி முடித்துவிட்டது. உண்மையான காரணம் என்ன, அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். அந்தப் பிள்ளை வருகிற திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்புகிறாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ‘நான் கவனித்திருந்தால் தடுத்திருக்கலாமோ’ என்ற கேள்வி இதற்குள் இருப்பது எனக்குத் தெரிகிறது. அதையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நுவரெலியா மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றின் உளநலப் பிரிவில் பதினாறு வருடமாகச் சமூக சேவையாளராக இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில்தான். நான் டாக்டர் இல்லை. இது என்ன நோய், என்ன மாத்திரை என்று தீர்மானிப்பது என் வேலை இல்லை. உயிர் தப்பி வார்டில் கண் விழித்தவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து கதைப்பதுதான் என் வேலை. கீழே சொல்லும் சம்பவத்தில் ஆள், இடம், காலம் எல்லாவற்றையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

நோயாளியின் விபரம் எழுதும் வார்ட் டிக்கட்டில் காரணம் எப்படி ஏறுகிறது என்பதிலிருந்து தொடங்கவேண்டும். ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவருகிறார்கள். டியூட்டியில் இருக்கும் இளம் டாக்டருக்குத் தமிழ் வராது. பக்கத்தில் நிற்கும் சிற்றூழியர் யாராவது மொழிபெயர்ப்பார். டாக்டர் அக்கறையோடுதான் கேட்கிறார். ஆனால் தமிழில் அது ‘ஏன் இப்பிடி செஞ்ச?’ என்று வந்து விழுகிறது. நம் சனத்துக்கு அது கேள்வியே இல்லை, ஏச்சு. ஏச்சுக்கு ஆள் என்ன செய்யும்? வாய்க்கு வந்த மிகச் சின்னப் பதிலைச் சொல்லித் தப்பும். ‘ஒண்ணும் இல்லீங்க, வூட்டுல சண்டை.’ டிக்கட்டில் ‘குடும்பத் தகராறு’ என்று எழுதி முடிகிறது. பிறகு அதே சொல் கணக்கேட்டுக்கும் பொலிஸ் புத்தகத்துக்கும் ஊர் வாய்க்கும் போகிறது. இலங்கையில் செய்த ஆய்வுகள் பலவற்றிலும் நெருங்கிய உறவில் வந்த சண்டையே முதல் காரணமாக வருகிறது. அது பொய் இல்லை. சண்டை நடந்திருக்கும். ஆனால் அது கடைசியாக நடந்தது, அவ்வளவுதான்.

ஒரு தடவை முப்பது வயது கடந்த ஓர் அம்மா வார்டில் இருந்தார். கொழுந்தெடுக்கிறவர், இரண்டு பிள்ளைகள். டிக்கட்டில் ‘கணவன் சந்தேகப்பட்டதால்’ என்று இருந்தது. நான் போய் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியும் பேச்சு வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவர் காதுத் துளையில் தோடு இல்லை, துளை தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்குச்சியை உடைத்துச் செருகியிருந்தார். நான் அதைப் பார்த்துத்தான், ‘தோடு எப்ப கழட்டுனீங்கம்மா?’ என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தார். ‘மாசி மாசம், மிஸ்’ என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவேண்டி வரவில்லை.

மாமியாருக்குக் கண்டியில் ஆபரேஷன். போய்வர, தங்க, மருந்து வாங்க என்று தோடு அடகுக்குப் போனது. அதை மீட்க ஐந்து பெண்கள் சேர்ந்த குழுக் கடன் எடுத்தார். அது கொழுந்து குறைந்த வெயில் காலம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று ஆனது உங்களுக்குத் தெரியும். குறித்த கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம்தான், விழும் என்பதும் தெரியும். அரைப்பேர் நாட்கள் கூடக் கூடத் தவணை தவறியது. முதல் கடனைக் கட்ட இன்னொரு இடத்தில் இரண்டாவது கடன். வசூலுக்கு வருவது புதன்கிழமை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்டவேண்டும், அதனால் அவர்களே வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார்கள். லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் மூன்றாம் காம்பராவுக்குக் கேட்கும். மானம் போகிறது என்று புதன்கிழமைகளில் வேலை விட்டதும் வீட்டுக்குப் போகாமல் மேல்மலைக் கோவில் பக்கம் போய் இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறார். கடன் விஷயம் புருஷனுக்குத் தெரியாது. ‘ஒம் பொஞ்சாதி புதன்கிழமையானா எங்க போறா’ என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அவர் குடித்துவிட்டு வந்து கேட்டார். சண்டை அதுதான்.

அந்தச் சண்டையை மட்டும் பார்த்தால் நாம் என்ன செய்வோம்? புருஷனைக் கூப்பிட்டுச் சந்தேகப்படாதே என்று புத்தி சொல்லி அனுப்புவோம். புதன்கிழமை அப்படியே இருக்கும். ‘எப்பயிருந்து’ என்று பார்த்தால் வெட்டிவிடக்கூடிய இடங்கள் நாலைந்து தெரியும். வராந்தாவில் வைத்துப் புருஷனிடம் கடன் விஷயத்தை அந்த அம்மாவின் சம்மதத்தோடு சொன்னோம். அந்த மனிதர் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிரதேச செயலகத்து உத்தியோகத்தர் ஒருவர் தலையிட்டுத் தவணையைச் சின்னதாக்கிக் கொடுத்தார். தோடு மீளவில்லை, ஏலத்தில் போய்விட்டது. ஆனால் அந்த அம்மா சில மாதங்கள் கிளினிக்குக்கு ஒழுங்காக வந்தார்.

எனக்கு அதில் இன்றைக்கும் உறுத்துவது ஒன்று உண்டு. அந்த வருடம் முழுக்க ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு துண்டு இருந்தது. புதன்கிழமை மட்டும் பிள்ளையைக் கூட்டிப்போக மூத்த பிள்ளைதான் வருகிறது என்று பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்) அம்மாவுக்குத் தெரியும். இரண்டு மாதமாக அரைப்பேர் என்று கங்காணிக்குத் தெரியும். காதில் ஈர்க்குச்சி என்று நிரையில் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். மூத்தவன் வகுப்பில் தூங்குகிறான் என்று அவன் டீச்சருக்குத் தெரிந்திருக்கும். யாரும் தப்பு செய்யவில்லை. துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க ஓர் இடம் இருக்கவில்லை. ‘நான் கவனித்திருந்தால்’ என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: தனியாக உங்களால் முடிந்திருக்காது. ஒரு துண்டை வைத்துக்கொண்டு யாராலும் முடியாது.

மலையகத்தில் இந்தத் துண்டுகள் பெரும்பாலும் எங்கே கிடக்கும் என்று பழக்கத்தில் சொல்லலாம். பெண்களுக்குக் கடன், அடி, குடிகாரப் புருஷன், பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுக் குவைத்துக்கோ சவூதிக்கோ போய்த் திரும்பியபோது அனுப்பிய காசும் இல்லை உறவும் இல்லை என்ற நிலை. ஆண்களுக்குக் குடி, அதற்குப் பின்னால் வேலை இழந்த வெட்கம், உடம்பு முடியாமை, தனிமை. உயிர் போகிறவர்களில் ஆண்களே அதிகம், ஆனால் ஆண்கள் எங்கள் கதிரையில் வந்து உட்காருவது மிகக் குறைவு. உங்கள் தோட்டத்துப் பெரியவரைக் ‘குடி’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டார்களே, அவரை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை. முடிந்தால் அவர் எந்த வருடம் வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டப்பட்டு வீட்டில் உட்கார்ந்தார், மனைவி எப்போது தவறினார், கடைசியாக யார் அவரோடு சேர்ந்து சாப்பிட்டார்கள் என்று யாராவது கேட்டுப் பார்க்கட்டும். இளம் பிள்ளைகளுக்கு வருவது காதல் என்ற பெயரில் வரும். உள்ளே பார்த்தால் ஃபோனைப் பறித்தது, நாலு பேர் முன் அடித்தது, படிப்பை நிறுத்திக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப் பேசியது, ஓ.எல். ரிசல்ட் என்று வேறு ஏதாவது இருக்கும்.

இனி, உறுதியாகத் தெரிந்தது எது, சந்தேகத்துக்கு இடமானது எது என்று பிரித்துச் சொல்கிறேன். 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் அளவில் இப்படி இறந்தார்கள். அன்றைக்கு உலகத்திலேயே மிக மோசமான எண்ணிக்கைகளில் அது ஒன்று. இன்றைக்கு அது மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்கிறது. இந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு, மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை அரசாங்கம் 1995இலும் 1998இலும், பிறகு 2008 முதல் 2011 வரையிலும் படிப்படியாகத் தடை செய்ததால் வந்தது. அந்த வருடங்களில் வறுமை தீரவில்லை, போர் நடந்தது, குடி குறையவில்லை. மனிதர்களுடைய துயரம் அப்படியே இருக்க, உயிரைப் பறிக்கும் பொருள் கைக்கெட்டாமல் போனதால் மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். இதைப் பற்றி இந்தத் துறையில் பெரிய சர்ச்சை இல்லை. முயற்சிகள் அதே அளவுக்குக் குறையவில்லை என்பதும் தெரிந்ததுதான். அதனால்தான் எங்கள் வார்டுகள் இன்னும் நிறைந்திருக்கின்றன.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், பெரும்பாலானவர்களுக்கு அந்த எண்ணம் மிகக் குறுகிய நேரமே உச்சத்தில் நிற்கிறது. இலங்கைக் கிராமப்புற ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களிடம் விசாரித்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்றில், பாதிக்கு மேற்பட்டவர்கள் அரை மணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை. அந்த அரை மணியைத் தாண்டிவிட்டவர்கள் பலர், ‘நானா அது’ என்று மறுநாள் எங்களிடம் அழுகிறார்கள். ஆகவே சண்டை நடந்த ராத்திரி ஆளைத் தனியாக விடாமல் பக்கத்துக் காம்பராவில் கூட்டிப்போய்ப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து உட்கார வைப்பது சின்ன வேலை இல்லை. வீட்டில் மருந்து மாத்திரைகளும் தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தும் கைக்கெட்டாத இடத்தில், முடிந்தால் வேறொருவர் பொறுப்பில் இருப்பது அதைவிட முக்கியம்.

ஆனால் இங்கே ஒரு பாடம் இருக்கிறது. ‘அப்படியானால் பூச்சிமருந்தை வைக்க வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்தால் போதாதா’ என்று நானும் நம்பியவள்தான். அநுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில் அதைப் பரிசோதித்தார்கள். 2017இல் வந்த முடிவு: பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காத கிராமங்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. திறப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது பெட்டி எவ்வளவு காக்கும்? பொருளே ஊருக்குள் வராமல் செய்வது உயிரைக் காத்தது. வந்த பொருளைப் பூட்டச் சொல்வது எதிர்பார்த்த அளவுக்குக் காக்கவில்லை. நெருக்கடியில் இருக்கும் ஒருவருடைய வீட்டில் அதை அப்புறப்படுத்தச் சொல்லி நான் இப்போதும் சொல்கிறேன், ஆனால் பெட்டியை நம்பி ஆளை மறந்துவிடாதீர்கள்.

முன்கூட்டியே கண்டுபிடிப்பது பற்றிக் கேட்டீர்கள். இதில் உங்களுக்கு ஆறுதலான பொய் சொல்ல மாட்டேன். கடன், குடி, அடி, தோல்வி என்று பட்டியல் போட்டு இன்னார் செய்வார் என்று சொல்ல யாராலும் முடியாது. ஐம்பது வருடத்து 365 ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2017இல் வெளிவந்த கட்டுரை, எந்த ஓர் அடையாளமும் காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக உதவியது என்றே காட்டியது. உங்கள் தோட்டத்தில் குழுக் கடன் எடுத்த பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கிட்டத்தட்ட எல்லோரும் தாக்குப்பிடித்து வாழ்கிறார்கள். ஆகவே ‘யார் செய்வார்’ என்று தேடுவதில் சக்தியைச் செலவழிக்காமல், ‘யாருக்கு இந்த மாதம் முடியாமல் இருக்கிறது’ என்று பார்ப்பதுதான் நம்மால் ஆவது. அப்படிப் பார்த்து உதவினால், அவர் அந்த எண்ணத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உதவி வீண்போகாது.

மனநோய் எவ்வளவு பங்கு என்பதிலும் கருத்து வேறுபாடு இருக்கிறது. மேற்கு நாடுகளில் இறந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு மனநோய் இருந்ததாகச் சொல்கிறார்கள். நம் பக்கத்து ஆய்வுகளில் அந்தப் பங்கு குறைவாகத் தெரிகிறது. ஆனால் ‘இது வறுமைப் பிரச்சினை, டாக்டர் எதற்கு’ என்று நினைத்துவிடாதீர்கள். தூக்கம் போய், சாப்பாடு போய், இரண்டு கிழமைக்கு மேல் முகம் இருண்டு கிடப்பவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. குடிக்கு அடிமையானவருக்கும் அப்படியே. அதைப் பார்த்துச் சொல்லவேண்டியவர் டாக்டர்தான்.

‘சாகணும்னு நெனப்பு வருதா’ என்று நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். இல்லை. கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. என் அனுபவத்தில், அந்தச் சொல்லை யாராவது வாய்விட்டுச் சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தவர்களைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். கேட்கும் விதம் முக்கியம். நின்றுகொண்டு கேட்காதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். ‘எப்பயிருந்து இப்பிடி இருக்கு’ என்று ஆரம்பியுங்கள். பதில் ‘போன தீவாளி முன்பணம் எடுத்ததிலிருந்து’, ‘அப்பா கொழும்புக்குப் போனதிலிருந்து’ என்று ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு வரும். ‘உயிர் பெரிய செல்வம்’, ‘உன்னைவிடக் கஷ்டப்படுறவங்க இல்லியா’ என்ற பேச்சு மட்டும் வேண்டாம். அதைக் கேட்டதும் வாய் மூடிவிடும். ஆம் என்று பதில் வந்தால் தனியாக விடாதீர்கள், இரகசியமாக வைத்துக்கொள்கிறேன் என்று சத்தியம் பண்ணாதீர்கள், கூடவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடு ராத்திரியானால் 1926க்கு எடுக்கலாம்; தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். சிறுவர் விஷயமானால் 1929, வீட்டில் அடி உதை என்றால் பெண்களுக்கு 1938.

ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுகிறவர்களுக்கு ஒன்றை உரக்கச் சொல்லுங்கள். உயிரை மாய்க்க முயன்றது இந்த நாட்டில் குற்றம் இல்லை. 1998இலேயே அந்தச் சட்டப் பிரிவை எடுத்துவிட்டார்கள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் ‘பொலிஸ் கேஸாயிரும்’ என்று வீட்டிலேயே வைத்துப் புளித்தண்ணி கொடுத்து நேரத்தை வீணாக்குகிறார்கள். பொலிஸார் வந்து விபரம் எழுதலாம், ஆனால் அதற்காக யாரையும் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். இதைத் தோட்டத்து முருகன் கோவில் கூட்டத்திலோ சங்கக் கூட்டத்திலோ ஒரு நிமிடம் சொல்ல முடிந்தால் அதுவே ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

வீட்டுக்கு வந்த பிறகுள்ள காலம்தான் நாம் எல்லோரும் கோட்டைவிடும் இடம். ஒரு தடவை முயன்றவர்களுக்கு அடுத்த சில மாதங்கள் ஆபத்து அதிகம் என்பது உறுதி. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நகரங்களில் 1,867 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2008இல் வந்தது. ஒரு மணி நேரம் விளக்கிப் பேசி அனுப்பி, ஒன்றரை வருடத்தில் ஒன்பது தடவை ‘எப்படி இருக்கிறீர்கள்’ என்று போயோ ஃபோனிலோ விசாரித்தார்கள். அப்படி விசாரித்த பிரிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவைவிட உயிரிழப்பு மிகக் குறைவாக இருந்தது. மறுபடி முயன்றவர்களின் தொகை மட்டும் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஏன் அப்படி என்று இன்னும் விவாதிக்கிறார்கள். எப்படியானாலும் ஒன்பது தடவை நலம் விசாரிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அதைத் தொடங்கி, வாகனம் இல்லை, தமிழ் தெரிந்த ஆள் இல்லை என்று நாலாம் மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். அந்தக் கொப்பியில் விசாரிக்காமல் விட்டுப்போன பெயர்கள் என் நினைவில் இருக்கின்றன.

இனி திங்கட்கிழமை. அந்தப் பிள்ளையை வாசலில் நின்று கட்டிப்பிடிக்கவும் வேண்டாம், ஒன்றும் நடக்காததுபோல் முகத்தைத் திருப்பவும் வேண்டாம். காலைக் கூட்டத்தில் அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று அதிபரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ‘தைரியமாக வாழவேண்டும்’ என்ற பொது அறிவுரைகூட வேண்டாம், எல்லாக் கண்ணும் அவள் மேல்தான் திரும்பும். அவள் பழைய இடத்தில், பழைய கூட்டாளிக்குப் பக்கத்திலேயே உட்காரட்டும். விட்டுப்போன பாடக் குறிப்பை யாரிடமாவது முதலே எழுதி வாங்கி வையுங்கள். அதைக் கொடுக்கும் சாக்கில் இடைவேளையில் ஐந்து நிமிடம் தனியாகக் கதைக்கலாம். வீட்டில் ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களா, படிப்பை நிறுத்தும் பேச்சு இன்னும் நடக்கிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேளுங்கள். கிளினிக் திகதி என்றைக்கு என்று கேட்டு உங்கள் கலண்டரிலும் குறித்துக்கொள்ளுங்கள், அந்த நாளுக்கு லீவு போடச் சங்கடப்படுவாள். அம்மா கொழுந்துக்குப் போய்விட்டால் கூட யார் வருவார்கள் என்றும் பாருங்கள். ஆள் இல்லை என்றால் எனக்கு இங்கேயே எழுதுங்கள், உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்கலாம் என்று விசாரித்துச் சொல்கிறேன்.